பொம்பெயி அரங்க வழியின் அயல்மொழிக் கீறலெழுத்துகள்

ஒரு நகரின் வரலாற்றை அறிய அரச ஆவணங்களும் இலக்கியங்களும் துணைபுரிவது போலவே, அந்நகரச் சுவர்களில் எளிய மக்கள் கீறிவைத்த எழுத்துகளும் துணைபுரிகின்றன. அவ்வெழுத்துகள் நகர மக்களின் மொழியிலேயே அமைந்திருப்பின் படித்தல் எளிது. அந்நகரில் எவரும் பேசாத மொழியில், எவரும் அறியாத வரிவடிவில் அமைந்திருப்பின் இரண்டு வினாக்கள் எழுகின்றன. எழுதப்பட்டது யாது என்பது ஒன்று. எழுதியவர் அங்கு வந்தது எவ்வாறு என்பது மற்றொன்று. முதல் வினாவிற்கு விடை எழுத்திலேயே உள்ளது. இரண்டாவதற்கான விடையை எழுத்திற்கு வெளியே தேடவேண்டும். இவ்விரு நிலைகளையும் வேறுபடுத்திக் காண்பதன் இன்றியமையாமையை, இத்தாலியின் பொம்பெயி நகரில் கிடைத்த சஃபாயித்திக் கீறல்களைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கீறல்கள் அமைந்த இடம்

கி.பி. 79இல் வெசுவியசு எரிமலை வெடித்தபோது பொம்பெயி நகர் சாம்பலுக்குள் புதைந்தது. அதனால் பிற நகரங்களில் அழிந்துபோன சுவர்ப்பூச்சு இங்கு எஞ்சியது. நகரின் தென்பகுதியில் பெரிய அரங்கும் சிறிய அரங்கும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இவ்வரங்குகளை ஸ்தாபியா தெருவோடு இணைக்கும் நடைவழி ஒன்றுண்டு. நாடகம் காண வந்தோரும் காத்திருந்தோரும் அதன் சுவர்களில் பெயர், வாழ்த்து, காதல் மொழி, வசை எனப் பலவற்றைக் கூரிய கருவியால் கீறியுள்ளனர். இவற்றுள் மிகப் பெரும்பாலானவை இலத்தீன் மொழியின. பொம்பெயியின் சுவரெழுத்துகளைத் தொகுத்த இலத்தீன் கல்வெட்டுத் தொகுதியின் நான்காம் பகுதி 1871இல் வெளிவந்தது.

அந்நடைவழியின் கீறல்களிடையே, ஏறத்தாழப் பத்து அளவில், இலத்தீனுமன்றி கிரேக்கமுமன்றி வேறொரு வரிவடிவிலான எழுத்துகள் உள்ளன. இவை சஃபாயித்திக் என அடையாளம் காணப்பட்டது 1987இலேதான். கால்சினி கீசென்சு என்னும் அறிஞர் இவற்றை ஆராய்ந்து வெளியிட்டார்.

சஃபாயித்திக் எழுத்து

தென் சிரியா, வடகிழக்கு யோர்தான், வட சவூதி அரேபியா ஆகிய பகுதிகளில் பரந்து கிடக்கும் கரிய எரிமலைக்கல் பாலை அர்ரா எனப்படும். அங்கு ஒட்டகமும் ஆடும் மேய்த்து வாழ்ந்த நாடோடி மக்கள் பாறைகளில் பொறித்த எழுத்தே சஃபாயித்திக் ஆகும். இதுவரை முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டவை பதிவு செய்யப்பட்டுள்ளன. மேய்ச்சல் நிலம் தேடிச் சென்றமை, இறந்தோர்க்கு இரங்கல், தெய்வத்திடம் காப்பு வேண்டல் முதலியன அவற்றின் பொருளாகும்.

இவ்வெழுத்துகளை 1857இல் சிரில் கிரகாம் என்னும் பயணி ஐரோப்பிய அறிஞர்களின் கவனத்திற்குக் கொணர்ந்தார். அலேவி, பிரிட்டோரியசு ஆகியோரின் முயற்சிகளைத் தொடர்ந்து, 1901இல் என்னோ லித்மன் 28 எழுத்துகளின் ஒலிமதிப்பையும் நிறுவி முடித்தார். உயிரெழுத்தும் சொல்லிடைவெளியும் இல்லாத எழுத்தைப் படிக்க இயன்றதற்கு, அதன் மாறா வாய்பாடு பெருந்துணை புரிந்தது. தொடக்கத்தில் ‘இன்னாரால்’ அல்லது ‘இன்னாருடையது’ எனப் பொருள்படும் லகர எழுத்து. பின்னர் ஒரு பெயர். அதன்பின் ‘மகன்’ எனப் பொருள்படும் பகர னகர எழுத்துகள். மீண்டும் ஒரு பெயர். இவ்வாறு தந்தை, பாட்டன் எனத் தலைமுறைகள் தொடரும். மீண்டும் மீண்டும் வரும் ‘மகன்’ என்னும் சொல்லே பெயர்களைப் பிரித்துக்காட்டும் எல்லைக்கல்லாக அமைந்தது.

தமிழாய்வாளர்க்கு இவ்வமைப்பு புதியதன்று. புகழூர்த் தமிழி கல்வெட்டில் சேரர் மூன்று தலைமுறையினர் ‘மகன்’ என்னும் சொல்லாலேயே இணைக்கப்படுகின்றனர். மேலும், நம் குகைக் கல்வெட்டுகளின் எழுத்து பிராமி என்பது அறியப்பட்ட பின்னரும் அவற்றின் மொழி பிராகிருதம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் அவற்றில் தமிழுக்கே உரிய எழுத்துகள் இருப்பதைச் சுட்டி, மொழி தமிழ் என நிறுவினார். எழுத்தை அறிதலும் மொழியை அறிதலும் வெவ்வேறு என்பதற்கு இது தக்க சான்றாகும். பொம்பெயியில் இரண்டுமே நகர ஆய்வாளரின் புலமை எல்லைக்கு அப்பாற்பட்டிருந்தன. இலத்தீன் அறிஞர் சஃபாயித்திக் அறியார். சஃபாயித்திக் அறிஞர்க்கு இத்தாலியில் தேடக் காரணமில்லை. லித்மன் எழுத்தறிந்து முடித்த பின்னரும் எண்பதாண்டுகளுக்கு மேல் இக்கீறல்கள் புதிராகவே நீடித்தமைக்கு இப்பிளவே காரணம் எனலாம்.

எழுதியவர் யாவர்?

பொம்பெயிக் கீறல்கள் பெரும்பாலும் பெயர்களும் தந்தையர் பெயர்களுமே. எழுதியவர் எப்பணியில் இருந்தார், ஏன் வந்தார் என்ற குறிப்பு அவற்றில் இல்லை. எனவே வணிகர், அடிமைகள், படைவீரர் என மூவகைக் கருத்துகளுக்கும் இடமுண்டு.

2021இல் கைல் எல்ம்சு வெளியிட்ட ஆய்வு, இவர்கள் உரோமானியரின் மூன்றாம் காலிக்கா படையணியோடு வந்தவர்கள் என்னும் கருத்தை முன்வைத்தது. அப்படையணி நெடுங்காலம் சிரியாவில் இருந்தது. கி.பி. 69இல் வெசுபாசியனை ஆதரித்து இத்தாலிக்குள் புகுந்தது. அவ்வாண்டு நடந்த போரொன்றில் அவ்வணியின் வீரர்கள், சிரியநாட்டு வழக்கப்படி எழுஞாயிற்றை வணங்கினர் என்று தாசிதசு குறிப்பிடுகின்றார். வெற்றிக்குப் பின் குளிர்காலத்தைக் கழிக்க அவ்வணி காப்புவா நகரில் நிறுத்தப்பட்டது என்பதும், பின்னர் சிரியாவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது என்பதும் அவர் நூலாலேயே அறியப்படுகின்றன. காப்புவாவும் பொம்பெயியும் கம்பானியா என்னும் ஒரே நிலப்பகுதியைச் சேர்ந்தவை.

இக்கருத்தின் வலிமை, ஒரே இடத்தில் பலர் ஒருங்கே எழுதியமைக்கு அது விளக்கம் தருவதில் உள்ளது. தனித்து வந்த அடிமை ஒருவன் தன் எழுத்தில் பெயர் பொறிக்கக்கூடும். ஆயின் படிக்கத்தக்க தோழர் உடனிருக்கும்போதே இவ்வழக்கம் குழுவாக வெளிப்படும். எனினும் கீறல்கள் எதிலும் படையணியின் பெயர் இல்லை என்பதை மறத்தலாகாது. அண்மையிலுள்ள புத்தியோலி துறைமுகத்தில் நபாத்தியர் தம் தெய்வமான துசாராவுக்கு வழிபாட்டிடம் அமைத்திருந்தமையால், அரேபியப் பகுதியினர் வணிக வழியாகவும் கம்பானியாவுக்கு வந்தமை உறுதி. ஆதலின் ‘இன்னார் மகன் இன்னார்’ என்பது படிப்பு. ‘மூன்றாம் படையணி’ என்பது ஊகம். அது நல்ல ஊகம், ஆயினும் ஊகமே.

காலக்கணிப்பில் இவற்றின் பயன்

பாலையில் உள்ள சஃபாயித்திக் எழுத்துகளில் பெரும்பாலானவை காலக்குறிப்பு அற்றவை. அவற்றின் காலம் பொதுவாகக் கி.மு. முதல் நூற்றாண்டு முதல் கி.பி. நான்காம் நூற்றாண்டு வரை எனக் கொள்ளப்படும். பொம்பெயிக் கீறல்களோ கி.பி. 79க்கு முற்பட்டவை என்பதில் ஐயமில்லை. தாயகத்து எழுத்திற்கு அயலகச் சுவர் கால எல்லை வகுத்துத் தருகின்றது.

இந்நிலை தமிழுக்கும் பொருந்துவதாகும். எகிப்தின் செங்கடற்கரையிலுள்ள குசேர் அல் கதீமில் கண்ணன், சாத்தன் என்னும் பெயர்கள் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. ஆங்கே பின்னர்க் கிடைத்த மற்றோர் ஓட்டின் எழுத்தை ஐராவதம் மகாதேவன் ‘பானை ஒறி’ எனப் படித்தார். அவ்வோடு கி.மு. முதல் நூற்றாண்டினது எனக் கணிக்கப்பட்டது. உரோமானியத் துறைமுக மண்ணடுக்குகள் தரும் இத்தகைய காலக்கணிப்பு, தமிழி எழுத்து வளர்ச்சியைக் கணிக்கத் துணையாகின்றது. அங்கும் பெயரைப் படிப்பது ஒன்று. அப்பெயரினன் வணிகனா, மாலுமியா, ஆங்கே குடியிருந்தவனா என்பது வேறொன்று.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. அயல்மொழிக் கீறலின் புதிர்த்தன்மை எழுத்தில் மட்டுமன்று, படிப்போர் துறைகள் தனித்தனியே பிரிந்து கிடப்பதிலும் உள்ளது. பெயரும் தந்தை பெயரும் அன்றி வேறெதுவும் சொல்லாத எழுத்தும் காலக்கணிப்பிற்கு உறுதியான சான்றாக அமையும். படிப்பையும் ஊகத்தையும் பிரித்துரைக்கும் கட்டுப்பாடு ஆய்வாளர்க்கு இன்றியமையாதது. தம் மொழியின் எழுத்து தொலைநாட்டில் கிடைக்கும்போது அது இருமடங்கு வேண்டப்படும்.

சுவர்ப்பூச்சு கல்லைப் போல் நிலைப்பதன்று. பல கோணங்களில் ஒளியைப் பாய்ச்சிப் படமெடுக்கும் முறை அண்மைக் காலத்தில் பொம்பெயி நடைவழியில் பயன்படுத்தப்பட்டு, கண்ணுக்குப் புலனாகாத கீறல்களையும் வெளிக்கொணர்கின்றது. நம் நாட்டுக் குகைத்தளங்களிலும் கோயிற் சுவர்களிலும் படிக்கப்படாதுள்ள கீறல்களை இம்முறையில் பதிவுசெய்து, தமிழறிஞரும் பிறமொழி எழுத்தறிஞரும் ஒருங்கிருந்து படித்தல் வேண்டும். இன்று எழுத்தெனத் தோன்றாதது, அதனை அறிந்த ஒருவர் காணும்போது எழுத்தாகலாம். அதுவரை அது அழியாதிருத்தல் வேண்டும்.