கல்லில் அமர்ந்த தாள மகளிர்

சீனத்தின் செங்டு நகரில் ஒரு மண்மேடு உண்டு. பண்டைக் கவிஞர் ஸிமா ஸியாங்ரு யாழ் மீட்டிய மேடை அது என்று ஊரார் நெடுங்காலம் நம்பி வந்தனர். 1940இல் விமானத் தாக்குதலுக்கு அஞ்சிப் பதுங்குகுழி வெட்டியபோது உள்ளே ஒரு சுவர் தட்டுப்பட்டது. 1942, 1943 ஆண்டுகளின் அகழாய்வில் அது முற்கால ஷூ அரசை நிறுவிய வாங் ஜியானின் கல்லறை எனத் தெளிவாயிற்று. யாழ் மேடை என்பது கட்டுக்கதை; ஆயினும் உள்ளே இசை இருக்கவே செய்தது.

918இல் இறந்த அம்மன்னனின் சவப்பெட்டியைத் தாங்கும் கல்மேடையின் மூன்று பக்கங்களிலும் இருபத்து நான்கு பெண்கள் செதுக்கப்பட்டுள்ளனர். தெற்கு முகத்தின் நடுவில் இருவர் ஆடுகின்றனர். எஞ்சிய இருபத்திருவரும் அமர்ந்து இசைக்கின்றனர். நரம்புக் கருவிகள் மூன்றே. சங்கு ஊதுபவளும், இலையை உதட்டில் வைத்து ஊதுபவளும் அவர்களிடையே உண்டு. ஏறத்தாழப் பாதிப்பேரின் கைகளில் இருப்பவை தாளக் கருவிகள்: பலவகை முரசுகள், கைத்தாளம், நம் சப்ளாக்கட்டையை நினைவூட்டும் மரப்பலகைக் கொத்து. ஒருத்தி ஒரு கையால் கிலுக்கு முரசைச் சுழற்றியபடியே மறுகையால் இன்னொரு முரசை அறைகிறாள்.

இம்முரசுகளில் ஜியெகு என்பது மேற்கு எல்லைப் பாலைவழிகளினூடே சீனத்துக்கு வந்தது. தாங் பேரரசர் ஷுவான்ஸொங் (ஆட்சி 712–756) அதன்மீது பெரும் பித்துக் கொண்டவர். ஒன்பதாம் நூற்றாண்டில் நான் ஜுவோ அக்கருவிக்கென்றே ஒரு நூல் எழுதினார். அதில் முன்னிற்பவர்கள் பேரரசரும் சொங் ஜிங் போன்ற அமைச்சர்களும். கல்லறைக் கல்லிலோ அதே முரசைப் பெண்கள் இசைக்கின்றனர். ஏடு அரசனின் வாசிப்பைப் போற்றியது. நாள்தோறும் அரண்மனையில் ஒலித்த தாளத்துக்கு உரியவர்களைக் கல்தான் காட்டுகிறது. 907இல் தாங் அரசு வீழ்ந்த பின் அதன் அரசவை இசைக்குழு எவ்வாறு அமைந்திருந்தது என்பதை அறிய இதனினும் சிறந்த சான்று அரிது.

ஹூபெயில் 1978இல் அகழப்பட்ட செங் நாட்டு யி பிரபுவின் கல்லறையை இங்கே எண்ணிப் பார்க்கவேண்டும். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அதில் அறுபத்தைந்து வெண்கல மணிகளுடன் இருபத்தொரு பெண்களின் எலும்புகளும் கிடைத்தன. அவர்களுள் ஒருத்தியின் பெட்டியில் வாத்து வடிவ அரக்குச் சிமிழ் ஒன்று இருந்தது. அதன் விலாவில் மணி அடிக்கும் காட்சியும் முரசறைந்து ஆடும் காட்சியும் தீட்டப்பட்டுள்ளன. அன்று உயிருள்ள பெண்கள் தலைவனோடு புதைக்கப்பட்டனர். வாங் ஜியானுக்கோ கற்பெண்களே போதுமானவர்கள் ஆயினர். பதின்மூன்று நூற்றாண்டுகள் கடந்து நேர்ந்த இம்மாற்றம் சிறிதன்று.

ஆனால் விடுதலை அதனால் வந்துவிடவில்லை. இசைமகளிர் இழிகுலப் பதிவேட்டில் பரம்பரையாகக் கட்டுண்டு கிடந்தனர். அப்பதிவேட்டை யொங்ஜெங் பேரரசர் ஒழித்தது 1723இல்தான். வாங் ஜியானுக்குப் பெயரும் பட்டமும் தனிச் சிலையும் உண்டு. அவன் மகன் 925இல் நாட்டை இழந்தான். பெயரற்ற அப்பெண்களின் கைகள் மட்டும் இன்னும் முரசின்மேல் இருக்கின்றன.