கம்ப்யூட்டருக்குச் சம்பளம் 30 ரூபாய்

1831 டிசம்பரில் இந்திய நில அளவைத் துறையில் ஒரு கம்ப்யூட்டர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தது. மன்னிக்கவும், சேர்ந்தார்! பெயர் ராதாநாத் சிக்தார், வங்காளி, வயது 18. மாதச் சம்பளம் 30 ரூபாய்.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் மனிதர்தான். லத்தீன் வேரிலிருந்து வந்த இந்தச் சொல் 1613-லேயே ஆங்கிலப் புத்தகத்தில் இருக்கிறது. பொருள், கணக்குப் போடுபவர். கப்பல்காரர்களுக்காக இங்கிலாந்து வெளியிட்ட பஞ்சாங்கத்துக்கு, வீட்டில் உட்கார்ந்தே நிலவின் இருப்பிடத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தவர்களுக்கும் இதே பெயர்தான். (தமிழில் இந்தக் குழப்பமே இல்லை. ஆள் என்றால் கணியன், மெஷின் என்றால் கணினி!)

சரி, சிக்தார் என்ன செய்தார்? 1802-ல் நம்ம சென்னை பரங்கிமலைப் பக்கம் லாம்டன் தொடங்கிய நில அளவை, மெல்ல மெல்ல வடக்கே நகர்ந்து இமயமலை வரை போயிருந்தது. நூறு மைலுக்கும் அப்பால் நின்று, தியோடலைட் கருவியால் சிகரங்களின் கோணத்தை மட்டும் குறித்து அனுப்புவார்கள். ஒளி காற்றில் வளைவது, பூமியின் உருண்டை வடிவம் எல்லாவற்றையும் கழித்து உயரத்தைக் கண்டுபிடிப்பது கம்ப்யூட்டர்களின் பாடு. அப்படித்தான் 1852 வாக்கில், '15-ஆம் சிகரம்' உலகிலேயே உயரமானது என்று தெரிந்தது. 1856-ல் 29,002 அடி என்று அறிவித்தார்கள். 1865-ல் பெயர் வைத்தார்கள்.. ஓய்வு பெற்றுப் போய்விட்ட பழைய அதிகாரி எவரெஸ்ட்டின் பெயரை!

அதோடு விடவில்லை. 1851-ல் வந்த நில அளவைக் கையேட்டில் கணிதப் பகுதிகளை எழுதியவர் சிக்தார் என்று முன்னுரையிலேயே நன்றி சொல்லியிருந்தார்கள். அவர் 1870-ல் இறந்தார். 1875-ல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்த நன்றியைக் காணோம். இதைக் கண்டித்து அப்போதே பத்திரிகையில் எழுதினார்கள்.

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பீரங்கிக் குண்டு போகும் பாதையைக் கணக்கிட்ட கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒரு பாதையைப் போட்டு முடிக்க 30, 40 மணி நேரம் ஆகும். அதை அரை நிமிடத்தில் முடிக்க எனியாக் என்ற மெஷினைக் கட்டினார்கள். அந்தப் பெயரின் கடைசி எழுத்தே கம்ப்யூட்டரைத்தான் குறிக்கிறது. அதற்கு புரோகிராம் போட்டவர்கள் அதே கம்ப்யூட்டர் பெண்களில் ஆறு பேர். 1946 பிப்ரவரியில் மெஷினை உலகுக்குக் காட்டிய அன்று இரவு பெரிய விருந்து நடந்தது. ஆறு பேரில் ஒருவருக்கும் அழைப்பு இல்லை.

அதன் பிறகு சொல் மெஷின் பக்கமே போய்விட்டது. ஆனாலும் 1962-ல் ஜான் கிளென் பூமியைச் சுற்றக் கிளம்பும் முன், மெஷின் போட்ட கணக்கை மட்டும் நம்பவில்லை. நாசாவின் முன்னோடி அமைப்பில் கம்ப்யூட்டராக வேலைக்குச் சேர்ந்திருந்த காத்தரின் ஜான்சன், மேஜைக் கால்குலேட்டரை வைத்து எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கொடுத்தார். அதன் பிறகுதான் கிளென் ராக்கெட்டில் ஏறினார்.