இயந்திரங்கள் மட்டுமே குடியிருந்த ஊரும் ஒரு காஞ்சிபுரத்துத் தச்சனும்

ஸ்டீம்பங்க் என்று ஒரு கதை வகை இருக்கிறது. நீராவி எஞ்சின், பல்சக்கரம், பித்தளைக் குழாய், புகைபோக்கி இதெல்லாம்தான் அதோட உலகம். கம்ப்யூட்டர் வராமலே நீராவிக் காலம் நீண்டுக்கிட்டே போயிருந்தா எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனை. கே.டபிள்யூ.ஜீட்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1987-ல் பாதி வேடிக்கையாக வைத்த பெயர் அது. சில பேர் இன்னும் ஒரு படி மேலே போய், மனுஷ வாடையே இல்லாமல் இயந்திரங்கள் மட்டும் வாழுகிற உலகத்தை எழுதுகிறார்கள்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு, நமக்கெதுக்கு சாமி?" என்று கேட்கிற மக்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

நீராவியைப் பொறுத்தவரை எங்க நெமிலிச்சேரிக்கு ஒரு பெருமை உண்டு. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம் தாண்டி எங்க ஊர் வழியாகப் போகிற இந்தத் தடம்தான் அது. அதே காலத்தில், 1855-ல், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த இ.ஐ.ஆர். 21 என்ற எஞ்சின் நூறு வருஷத்துக்கு மேல் காட்சிப்பொருளாக நின்றது. அதை 2010-ல் மறுபடி ஓட வைத்தவர்கள் நம்ம பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்காரர்கள். ஆக, நீராவி நமக்கு ஒண்ணும் அந்நியம் இல்லை.

சரி, இயந்திரங்கள் மட்டுமே வாழும் ஊர்? அதுவும் நமக்குப் பழசுதான். ரயிலைவிட எண்ணூறு வருஷம் பழசு!

11-ம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் என்பவர் சூரியவதி என்ற ராணிக்காக ஒரு பெரிய கதைக் களஞ்சியத்தைச் சமஸ்கிருதத்தில் எழுதினார். பெயர் கதாசரித்சாகரம். அதில் நரவாகனதத்தன் என்ற இளவரசன் ஒரு பெண்ணைத் தேடிப் போகும் வழியில் கடலோரத்தில் ஒரு நகரத்துக்குள் நுழைகிறான். கடைவீதி இருக்கிறது, வணிகர்கள் இருக்கிறார்கள், பெண்கள் நடமாடுகிறார்கள். எல்லாம் சரிதான், ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் அத்தனை பேரும் மரப் பொம்மைகள்! பேச்சு இல்லாததால்தான் உயிர் இல்லை என்று அவனால் கண்டுபிடிக்க முடிந்தது என்கிறார் சோமதேவர்.

அரண்மனைக்குள்ளே ஒரே ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கிறான். பெயர் ராஜ்யதரன். எந்த ஊர்க்காரன் தெரியுமா? காஞ்சிபுரம்! இங்கிருந்து பஸ் பிடித்தால் ரெண்டு மணி நேரத் தூரம்.

அவன் சொல்லும் கதை இது. காஞ்சியில் பிராணதரன், ராஜ்யதரன் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர். தச்சர்கள். மரத்தில் இயந்திரம் செய்வதில் கில்லாடிகள். அண்ணனுக்குத் தாசி வீட்டுச் சகவாசம், கைக்காசு கரைந்துவிட்டது. என்ன செய்தான்? கயிற்றில் இயங்கும் அன்னப் பறவை ஜோடி ஒன்று செய்து, ராத்திரியில் ஜன்னல் வழியாக ராஜாவின் கஜானாவுக்குள் அனுப்பி, அலகால் நகைகளைக் கொத்திவர வைத்தான். ஒருநாள் காவலர்கள் அன்னங்களைப் பிடித்துவிட்டார்கள். ஊரில் இப்படிச் செய்யத் தெரிந்தவர்கள் நாமதானே, மாட்டிக்குவோம் என்று அண்ணன் குடும்பத்தோடு ஆகாய ஊர்தியில் தப்பித்தான். தம்பியும் இன்னொரு ஊர்தியில் கிளம்பி, கடைசியில் வந்து சேர்ந்தது ஆளே இல்லாத இந்த ஊர். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, நினைத்தால் வரும். ஆனால் கூட இருக்க ஒரு ஜீவன் இல்லை. அதனால் ஊர் மொத்தத்தையும் மரத்தில் செய்துகொண்டான்.

(உடனே "அந்தக் காலத்துலயே நம்மகிட்ட ஏரோப்ளேன் இருந்துச்சு"ன்னு கிளம்பிடாதீங்க மக்களே. இது கதை. நடந்த சரித்திரம் இல்லை, நம்மாட்கள் கற்பனை செய்த சரித்திரம். அதுவே போதுமான பெருமை :-) )

இந்தக் கற்பனைக்கு மூலம் குணாட்டியர் எழுதிய பிருகத்கதை. மூலநூல் இப்போது கிடைக்கவில்லை. அதன் ஒரு கிளை சோமதேவர், இன்னொரு கிளை நம்ம கொங்குவேளிரின் பெருங்கதை. முன்னும் பின்னும் சிதைந்து கிடந்த அந்த நூலை உ.வே.சா. 1924-ல் பதிப்பித்தார். அதிலும் ஒரு இயந்திரம் வருகிறது: உள்ளே வீரர்களை ஒளித்து வைத்த பொய் யானை. யானைப் பித்துப் பிடித்த உதயணனை உஞ்சேனை மன்னன் பிரச்சோதனன் சிறைப்பிடித்தது அதை வைத்துத்தான். கிரேக்கர்களின் ட்ராய் குதிரைக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இல்லை?

இன்னும் உண்டு. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை மதிலில் தானே வளைந்து அம்பு விடும் வில்லும், குரங்கு உருவப் பொறியும் காவல் நிற்கின்றன. சீவக சிந்தாமணியில் கர்ப்பிணி ராணி விசயை மயிற்பொறியில் ஏறித் தப்பிக்கிறாள். வலப்பக்கம் திருகினால் மேலே ஏறும், இடப்பக்கம் திருகினால் கீழே இறங்கும். கையேடு கொடுக்காத குறைதான்!

மேலே "பொறி" என்று எத்தனை தடவை எழுதினேன் பார்த்தீர்களா? அங்கேதான் விஷயம் இருக்கிறது. தமிழில் பொறி என்றால் இயந்திரம். கண், காது, மூக்கு, வாய், மெய் ஆகியவையும் ஐம்பொறி. திருக்குறளின் முதல் அதிகாரத்திலேயே பொறி என்பது புலன்களின் வாசலாகத்தான் வருகிறது. பொறியியல் கல்லூரிக்குப் போனாலும், ஐம்பொறியை அடக்கச் சொல்லும் சாமியாரிடம் போனாலும் சொல் ஒண்ணுதான்.

இதை வைத்துக்கொண்டு மறுபடி ராஜ்யதரனிடம் போங்க. அந்தப் பொம்மைகளுக்கு நடுவே அவன் ஒருத்தன்தான் உணர்வுள்ளவன்; ஜடமான புலன்களை ஆன்மா இயக்குவதுபோல அவற்றை அவன் இயக்கினான் என்று உவமை சொல்கிறார் சோமதேவர். காஷ்மீரப் பண்டிதர் சமஸ்கிருதத்தில் நீட்டிச் சொன்ன உவமை, தமிழில் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது. ஊரே ஒரு உடம்பு, தச்சன்தான் உயிர்.

இப்போது பயமுறுத்தும் இடத்துக்கு வருவோம். பொம்மையா மனுஷனா என்று நரவாகனதத்தனுக்குக் காட்டிக்கொடுத்தது பேச்சு. செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-ல் எழுதிய நாடகத்தில் "ரோபோ" என்ற சொல்லே பிறந்தது, அந்த ரோபோக்கள் பேசின. நம்ம சுஜாதாவின் ஜீனோ நாய்க்குட்டி பேசியது, புத்தகம்கூடப் படித்தது. அதெல்லாம் கதை. இன்றைக்கோ கைப்பேசியில் தமிழில் கேள்வி கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லும் இயந்திரம் நிஜமாகவே வந்துவிட்டது. சோமதேவர் வைத்த பரீட்சை காலி.

அப்புறம் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? எனக்குத் தோன்றுவது இதுதான். அந்த நகரத்தில் கடைவீதி நிறைய நடமாட்டம் இருந்தது. ஆனால் தனியாக இருக்கிறோமே என்று தவித்தவன் ஒருத்தன்தான். துணை வேண்டும் என்று ஊரையே செய்ய வைத்தது அந்தத் தவிப்பு. எந்தப் பொம்மையும் தனக்குத் துணையாக இன்னொரு பொம்மை செய்ததாகக் கதையில் இல்லை. பேச்சை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டோம், தவிப்பை இன்னும் கொடுக்கவில்லை. அதையும் ஒருநாள் கொடுத்துவிட்டால், காஞ்சித் தச்சனுக்கே அந்த ஊரில் வேலை இருக்காது.

உங்களுக்கு வேறு பரீட்சை ஏதாவது தோன்றினால் சொல்லுங்க, பேசுவோம்.