எலிக்குக் கஞ்சி, குழந்தைக்குக் கொழுப்பு

ஆராய்ச்சிக்காக ஓர் எலியை நோயாளி ஆக்குவது ரொம்பக் கஷ்டம். அந்த எலியை உயிரோடு வைத்திருப்பது அதைவிடக் கஷ்டம்!

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று ஒரு பரம்பரை நோய். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வந்து சேர்ந்தால்தான் நோய். உப்பும் நீரும் செல்களைத் தாண்டிச் சரியாகப் போய்வராது. விளைவு? நுரையீரலிலும் குடலிலும் சளி பசை மாதிரி கெட்டியாகிவிடும்.

1989-ல் அந்த ஜீனைக் கண்டுபிடித்தார்கள். 1992-ல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில், ஆலிவர் ஸ்மித்தீஸ், பெவர்லி கோல்லர் குழுவினர் அந்த ஜீன் வேலை செய்யாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். (ஜீனைக் குறிபார்த்து மாற்றும் டெக்னிக்குக்காக ஸ்மித்தீஸுக்கு 2007-ல், வேறு இருவருடன் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.)

எதிர்பார்த்தது நுரையீரல் நோய். நடந்தது வேறு. குடல் அடைத்துக்கொண்டு எலிகள் செத்து விழுந்தன! பல எலிகள் 40 நாளைக்கூடத் தாண்டவில்லை. தாய்ப்பாலை விட்டுக் கெட்டித் தீனிக்கு மாறுகிற நேரம்தான் பெரிய கண்டம். செத்துப்போகிற எலியை வைத்து மருந்தைச் சோதிப்பது எப்படி?

வழி, சாப்பாட்டில் கிடைத்தது. நோயாளிகளுக்குக் குழாய் வழியே கொடுக்கும் 'பெப்டமென்' என்ற திரவ உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். புரதத்தை முன்கூட்டியே உடைத்துத் தயாரித்த, ஒருவகைக் கஞ்சி என்று வைத்துக்கொள்ளுங்களேன். நிறைய எலிகள் பிழைத்துக்கொண்டன! 1995-ல் இது கட்டுரையாக வெளிவந்தது. வேறு சில ஆய்வாளர்கள் குடிதண்ணீரில் மலமிளக்கியைக் கலந்தும் எலிகளைக் காப்பாற்றினார்கள். ஜீன் அதே பழுதான ஜீன்தான். வயிற்றுக்குள் போனது மாறியது, ஆயுள் நீண்டது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. நோயுள்ள எலிக்குக் கஞ்சி, ஆரோக்கியமான எலிக்குக் கெட்டித் தீனி என்று கொடுத்தால், தெரிகிற வித்தியாசம் நோயாலா, சாப்பாட்டாலா? அதனால் இரண்டுக்கும் ஒரே தீனிதான் போடவேண்டும்.

'அப்படியானால் குழந்தைகளுக்கும் கஞ்சிதானே?' என்று கேட்பீர்கள். அங்கேதான் கதை திரும்புகிறது!

இந்த நோயுள்ள பெரும்பாலான குழந்தைகளுக்குக் கணையத்தின் செரிமான நீர் குடலுக்குச் சரியாக வந்து சேராது. கொழுப்பு செரிக்காது. ஆகவே 'கொழுப்பைக் குறை' என்றே டாக்டர்கள் பல காலம் சொல்லிவந்தார்கள். டொரான்டோ குழந்தைகள் மருத்துவமனையின் டாக்டர் டக்ளஸ் குரோசியர் 1970-களில் நேர்மாறாகச் சொன்னார்: "கொழுப்பைத் தாராளமாகக் கொடுங்கள். செரிப்பதற்கு வேண்டிய என்ஸைமையும் கூடவே கொடுங்கள்."

1988-ல் வெளியான ஒப்பீடு என்ன சொன்னது தெரியுமா? பாஸ்டன் நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 21 வருஷம். டொரான்டோவில் 30! இத்தனைக்கும் நுரையீரலின் திறனில் இரு ஊருக்கும் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் சாப்பாட்டுத் தட்டில் இருந்திருக்கலாம் என்று டாக்டர்கள் யோசித்தார்கள். கொழுப்புக்கு இருந்த தடை மெல்ல மெல்ல விலகியது.

எலிக்குக் குடலில் அடைப்பு, அதற்குக் கஞ்சி. குழந்தைக்குச் செரிமானத்தில் குறை, அதற்குக் கொழுப்பும் என்ஸைமும். நோய் ஒன்றுதான், பத்தியம் வேறு.

2019-ல் புதிய கூட்டு மருந்து வந்த பிறகு, இன்னொரு திருப்பம். ஒரு காலத்தில் எடை ஏறாதா என்று ஏங்கிய நோயாளிகளில் சிலருக்கு இப்போது எடை அதிகமாகிவிடுமோ என்று கவலை! பத்தியத்தை மறுபடியும் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.