கண்ணொளி வழங்கிய கரங்கள்

இலவசக் கண் சிகிச்சை முகாம் என்பது இன்று நமக்கு மிகவும் பழகிப்போன ஒன்று. அது நம் பகுதியில் வேரூன்றுவதற்கு உழைத்தவர்களுள் முதன்மையாகக் குறிப்பிடத்தக்கவர் மதுரை டாக்டர் ஜி. வெங்கடசாமி ஆவார்.

1918ஆம் ஆண்டு எட்டயபுரத்தை அடுத்த அயன் வடமலாபுரத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்த அவர், 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். உறவுப் பெண்கள் பிரசவத்தில் மரணமுற்றதைக் கண்டவராதலால் மகப்பேறு மருத்துவராகவே அவர் விரும்பியிருந்தார். இராணுவ மருத்துவப் பணிக் காலத்தில் தாக்கிய முடக்குவாதம் அவ்விருப்பத்தைத் தகர்த்தது. விரல்கள் கோணிப்போயின, எழுதுகோலைப் பிடிப்பதும் அரிதாயிற்று. ஓரளவு தேறியபின் கண் மருத்துவம் பயின்றார். வளைந்த விரல்களுக்கு ஏற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு, மீண்டும் மீண்டும் பழகி, அறுவைக் கத்தியைப் பிடித்தார். அக்கரங்கள் செய்து முடித்த கண் அறுவைகள் ஓர் இலட்சத்திற்கும் மேல்!

1956 முதல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக இருந்து மாணவர்களை உருவாக்கினார். 1960களில் கிராமங்கள்தோறும் முகாம்கள் நடத்தினார். வைட்டமின் ஏ குறைவினால் பார்வை இழக்கும் குழந்தைகளுக்காக 1971இல் மதுரையில் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் தொடங்கப்பட்டது. அங்கே பிள்ளைக்கு மருத்துவம், தாய்க்கு உணவு பற்றிய போதனை!

58 வயதில் ஓய்வு பெற்றதும், 1976இல், உடன்பிறந்தாருடன் சேர்ந்து 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வசதி படைத்தோர் செலுத்தும் கட்டணமே இல்லாதோரின் சிகிச்சைக்கும் ஈடுசெய்தது. அந்நாளில் கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ் வெளிநாட்டிலிருந்தே வந்தது; ஒன்றின் விலை ஏறத்தாழ 100 டாலர். 1992இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கப்பட்ட பின் அது சுமார் 10 டாலருக்குக் கிடைத்தது. 2006 ஜூலை 7இல், தம் 87ஆம் வயதில், டாக்டர் காலமானார்.

அவருடைய மருத்துவமனையைச் சார்ந்து நடந்த ஆய்வுகளுள் எளியேன் பெரிதும் மதிப்பது ஒன்றுண்டு. முகாம் நடத்தும் நம் போன்றோர் கவனிக்க வேண்டியதும் அதுவே. அறுவை இலவசம் என்று அறிவித்தும், கண்புரை உள்ளோர் பலர் வரவில்லை. காரணம் என்ன என்று ஊர் ஊராகச் சென்று விசாரித்தனர். அச்சம் ஒருபுறம். துணைக்கு வர ஆளில்லை, பேருந்துக்குக் காசில்லை, கூலி போய்விடும் என்ற விடைகள் மறுபுறம். அதன்பிறகு முகாமிலிருந்து நோயாளிகளை மதுரைக்கு அழைத்துச் செல்வதும், உணவளிப்பதும், மீண்டும் ஊரில் கொண்டுவந்து விடுவதும் இலவச சிகிச்சையின் பகுதிகளாயின.