முகில்துளியும் மழைத்துளியும்

முகில்துளி என்பது மேகத்துக்குள் மிதக்கும் நுண்ணிய நீர்க்கோளம். அப்படிப்பட்டவை பல லட்சம் ஒன்றுகூடித் தரைக்கு விழுமளவு பருத்தால் மழைத்துளி. முன்னதன் விட்டம் ஏறத்தாழ 0.02 மி.மீ.; நடுத்தர மழைத்துளியின் விட்டம் 2 மி.மீ. விட்டத்தில் வேறுபாடு நூறு மடங்கு. கன அளவில் பத்து லட்சம் மடங்கு. இந்த இடைவெளியைத் தாண்டும் மேகம் பொழிகிறது. தாண்டாத மேகம் கடந்துபோகிறது. இரண்டையும் ஆண்டுதோறும் பார்க்கும் ஊர், திண்டுக்கல்லுக்கு வடக்கே தாடிக்கொம்பை ஒட்டியுள்ள அகரம்.

பிறப்பு

நீராவி குளிர்ந்துவிட்டால் மட்டும் துளி பிறந்துவிடாது. படிந்துகொள்ள ஒரு துகள் வேண்டும்: கடலுப்பு, மண்தூசி, புகை, ஏதாவது ஒன்று. தூசி நீக்கிய காற்றில் மூடுபனி உருவாவதில்லை என்பதை ஸ்காட்லாந்தின் ஜான் எய்ட்கன் 1880களில் சோதனையில் காட்டினார். கொடைக்கானல் சாலைகளை மறைக்கும் மூடுபனியும் இத்தகைய துளிகளின் திரள்தான். தரையைத் தொட்டு நிற்கும் மேகம்.

வளர்ச்சி

0.02 மி.மீ. துளி நொடிக்குச் சுமார் ஒரு செ.மீ. வேகத்தில்தான் இறங்கும். மேலெழும் இளங்காற்றே அதைத் தாங்கிவிடும். மேலும் நீராவி படிந்து அது பருக்கலாம்; ஆனால் பருக்கப் பருக்க அந்த வளர்ச்சி மந்தமாகிறது. மேகத்தின் ஆயுளோ பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே மோதலும் சேர்க்கையும் தேவை.

இங்கேதான் அளவு வேறுபாடு முக்கியமாகிறது. எல்லாத் துளிகளும் ஒரே அளவாக இருந்தால் ஒரே வேகத்தில் விழும். ஒன்றையொன்று எட்டிப் பிடிக்காது. சற்றே பெரிய சில துளிகள் இருந்தால், அவை வேகமாக இறங்கி, வழியிலுள்ள சிறியவற்றைத் தம்மோடு சேர்த்துக்கொண்டு பருக்கும். நிலத்தின் மேல் தூசியும் புகையும் மிகுந்த காற்றில், ஒரே நீர் எண்ணற்ற துகள்களுக்குப் பங்கிடப்பட்டுத் துளிகள் சிறுத்துவிடுகின்றன. துகள் குறைந்த கடற்காற்றில் துளிகள் பெரிதாக அமைகின்றன.

இன்னொரு வழி பனிக்கட்டி. தமிழ்நாட்டின் மேல் ஏறக்குறைய 5 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை சுழியைத் தொடுகிறது. அதற்கு மேலும் பல துளிகள் உறையாமல் நீராகவே இருக்கும். அவற்றின் நடுவே தோன்றும் பனிப்படிகங்கள், துளிகள் ஆவியாகித் தரும் ஈரத்தை எடுத்துக்கொண்டு வேகமாக வளர்கின்றன. இறங்கும் வழியில் உருகிப் பெருந்துளிகளாகின்றன. கோடை இடிமழையின் கனத்த துளிகள் பெரும்பாலும் இவ்வாறு வந்தவை. உருகி முடியாதது ஆலங்கட்டி.

அகரத்தின் இரு பருவங்கள்

ஆடியில் மேற்கிலிருந்து பலத்த காற்று வீசும். மேகங்கள் கூட்டம் கூட்டமாக ஓடும். நிலம் நனைவது அரிது. தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தில் பெரும்பகுதி கேரளச் சரிவிலேயே மழையாகிவிடுகிறது. மலை தாண்டி இறங்கும் காற்று வெப்பமடைந்து உலர்கிறது. உருவாகும் சிறுதுளிகளும் மேகத்துக்குக் கீழே ஆவியாகின்றன: 0.2 மி.மீ. தூறல் துளி, ஓரளவு ஈரமான காற்றிலேயே 150 மீட்டர் தொலைவுக்குள் மறைந்துவிடும்.

ஐப்பசியில் நிலைமை மாறுகிறது. வங்கக்கடலிலிருந்து வரும் காற்று தரைமட்டம் வரை ஈரமாக இருப்பதால் சிறுதுளியும் பிழைத்து மண்ணைச் சேர்கிறது. திருப்பதி அருகிலுள்ள காதங்கியில் நடந்த துளி அளவீடுகளும் இதற்கு ஒத்துப்போகின்றன. அங்கே தென்மேற்குப் பருவ மழையில் பெருந்துளிகள் அதிகம். வடகிழக்குப் பருவத்தில் சிறுதுளிகளின் பங்கு கூடுதல்.

வடகிழக்குப் பருவம் கடுமையானால் விளைவும் கடுமை. தாடிக்கொம்புப் பகுதியைக் கடந்து வடக்கே ஓடும் குடகனாற்றின் குறுக்கே, வேடசந்தூர் வட்டாரத்தில் கட்டிய மண் அணை 1977 வெள்ளத்தில் உடைந்தது.

வடிவமும் வேகமும்

படங்களில் வரைவதுபோல மழைத்துளிக்குக் கூரிய முனை கிடையாது. சிறுதுளி உருண்டை. 2 மி.மீ.க்கு மேல் காற்றின் எதிர்ப்பால் அடிப்பக்கம் தட்டையாகி, பன் ரொட்டியின் வடிவம் பெறுகிறது. 5 அல்லது 6 மி.மீ.யைத் தாண்டியவை பெரும்பாலும் சிதறிவிடும். 2 மி.மீ. துளி நொடிக்கு ஆறரை மீட்டர் வேகத்திலும் 5 மி.மீ. துளி ஒன்பது மீட்டர் வேகத்திலும் தரையைத் தாக்குகின்றன. உழுத செம்மண்ணின் பொருக்கை உடைத்து மேல்மண்ணைக் கரைப்பது இந்தப் பெருந்துளிகளே.

செயற்கை முயற்சி

துளிகளின் அளவில் வேறுபாட்டை உண்டாக்குவதே உப்பு தூவும் மேக விதைப்பின் நோக்கம். பெரிய உப்புத்துகள் பெரிய துளியைத் தொடங்கிவைக்கும். புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் 1970களில் திருவள்ளூரிலும், அகரத்தைப் போலவே மழைமறைவுப் பகுதியான மகாராஷ்டிரத்தின் பாராமதியில் 1973 முதல் 1986 வரை 11 பருவங்களிலும் இதைச் சோதித்தது. பாராமதியில் மழை 24 விழுக்காடு கூடியதாக ஆய்வாளர்கள் கணித்தனர். இந்த முறை மேகத்தைப் படைப்பதில்லை. போதிய நீருள்ள மேகம் ஏற்கெனவே இருந்தால்தான் அதனால் பயன் உண்டு.