பெட்டிக்குள் இருந்த ஹாம்லெட்

அசோவ் கடலோரத்துத் தகன்ரோக், 19ஆம் நூற்றாண்டில் கோதுமை ஏற்றுமதியால் செழித்த ருஷ்யத் துறைமுகம். கிரேக்க வணிகர்கள் நிறைந்த ஊர். கையில் காசு புரண்டதால் கலைக்கும் ஆதரவு இருந்தது. இத்தாலியப் பாடகர்கள் வந்து ஓப்ரா பாடினார்கள். 1866இல் அங்கே புதிய நாடக அரங்கு ஒன்று திறக்கப்பட்டது. மளிகைக் கடைக்காரர் பாவெல் செகாவின் மூன்றாவது மகன் அன்டனுக்கு அப்போது ஆறு வயது. இன்று அந்த அரங்கு அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

கடையில் உட்கார்ந்து தேயிலையும் சர்க்கரையும் நிறுத்துக் கொடுப்பது, விடியற்காலையில் அப்பா நடத்தும் தேவாலயப் பாடற்குழுவில் பாடுவது என்று கழிந்த பிள்ளைப் பருவம் அது. தப்பித்துக்கொள்ள இருந்த ஒரே வழி நாடகக் கொட்டகையின் கேலரி. அங்கே சீட்டு மலிவு. ஆனால் இடத்துக்கு எண் கிடையாது. முன்வரிசை வேண்டுமென்றால் வெகுநேரம் முன்பே போய்க் காத்திருக்க வேண்டும். பள்ளி மாணவன் நாடகம் பார்க்கப் பள்ளியின் அனுமதியும் வேண்டும். அனுமதி கிடைக்காத பையன்கள் சீருடையைக் கழற்றிவிட்டு, ஒட்டுத் தாடியும் முகப்பூச்சுமாக வேடம் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். நாடகம் பார்க்கவே நடிக்க வேண்டியிருந்தது.

1873இல், பதின்மூன்று வயதில் அன்டன் முதன்முதலாகப் பார்த்தது ஆஃபென்பாக் இசையமைத்த ‘அழகி ஹெலன்’. டிராய்ப் போருக்குக் காரணமான ஹெலனின் கதையை நையாண்டியாக்கிய இசை நாடகம். அதில் கால்காஸ் என்றொரு பூசாரி வருவார், சிரிப்புப் பாத்திரம். அந்தப் பூசாரியின் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்தடுத்த ஆண்டுகளில் கேலரியிலிருந்து ‘ஹாம்லெட்’டையும், கோகலின் ‘இன்ஸ்பெக்டர் ஜெனரல்’ நாடகத்தையும், ஒஸ்த்ரோவ்ஸ்கியின் நாடகங்களையும் அவர் பார்த்தார். வீட்டில் அண்ணன் தம்பிகள் கோகலை மேடையேற்றியபோது, சட்டைக்குள் தலையணைகளைத் திணித்துக்கொண்டு நகராட்சித் தலைவராக வந்து நின்றவர் அன்டன்தான்.

அந்தக் காலத்து ருஷ்யச் சிற்றூர் நாடகத் தொழில் எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் செகாவின் கதைகளில் வரும் நாடகக்காரர்கள் யார் என்பது விளங்கும். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில் நாடகக் கொட்டகைகள் மூடப்படும். வேலையற்ற நடிகர்கள் மாஸ்கோவில் கூடுவார்கள். அடுத்த பருவத்துக்கு எந்த ஊர், எந்த முதலாளி, என்ன சம்பளம் என்பதெல்லாம் அங்கேதான் பேசி முடியும். ஊர் சிறியது, பார்க்க வருபவர்களும் அதே ஆட்கள். ஆகவே நாடகத்தை அடிக்கடி மாற்றியாக வேண்டும். திங்கட்கிழமை சோகமன்னனாக நின்றவர் புதன்கிழமை கோமாளியாக வருவார். இத்தனை வேடங்களுக்கு யார் வசனத்தை மனப்பாடம் செய்வது? ஒத்திகைக்கே நேரமில்லை. மேடையின் முன்விளிம்பில், பார்வையாளர் கண்ணில் படாதபடி ஒரு சிறு மூடுபெட்டி இருக்கும். அதற்குள் உட்கார்ந்தவர் கையெழுத்துப் பிரதியைப் பார்த்து வரிவரியாக வசனத்தை எடுத்துக் கொடுப்பார். நடிகர் அதைக் காதில் வாங்கி வாயில் விடுவார். ஷேக்ஸ்பியரும் ஷில்லரும் ருஷ்யச் சிற்றூர்களில் முதலில் ஒலித்தது இந்தப் பெட்டிகளுக்குள்தான்.

ஹாம்லெட்டுக்கு ருஷ்யாவில் ஒரு தனி வரலாறு உண்டு. 1837இல் நிகலாய் பொலெவோய் செய்த மொழிபெயர்ப்பில் பாவெல் மொச்சாலவ் மாஸ்கோவில் ஹாம்லெட்டாக நடித்தார். விமர்சகர் பெலின்ஸ்கி அந்த நடிப்பைப் பற்றி நீண்ட கட்டுரையே எழுதினார். பொலெவோய் மூலத்தில் தாராளமாகக் கைவைத்தவர். ஆனால் அவருடைய வரிகள் மேடையில் பேச வசதியாக இருந்தன. அதற்குப் பிறகு வேறு மொழிபெயர்ப்புகள் வந்தும் நடிகர்கள் பொலெவோயை விடவில்லை.

தந்தை கடனில் மூழ்கி 1876இல் மாஸ்கோவுக்கு ஓடிப்போனார். குடும்பமும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தது. பள்ளிப் படிப்பை முடிக்கத் தனியே தங்கிய அன்டன் 1879இல் மாஸ்கோ சென்று மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். குடும்பச் செலவுக்காக நகைச்சுவை இதழ்களுக்குக் கதை எழுதத் தொடங்கினார். அந்த நாட்களில் மாஸ்கோ, பீட்டர்ஸ்பர்க் ஆகிய தலைநகரங்கள் இரண்டிலும் நாடகம் நடத்தும் உரிமை அரசுக் கொட்டகைகளுக்கே இருந்தது. 1882இல்தான் அந்தத் தனியுரிமை நீங்கியது. அதற்குச் சற்று முன்பே அன்னா பிரென்கோ என்ற நடிகை துணிந்து மாஸ்கோவில் நடத்திய புஷ்கின் தியேட்டரில், இவானவ்-கொசெல்ஸ்கி ஹாம்லெட்டாக நடித்தார். 1882 தொடக்கத்தில் மாணவர் செகாவ் அதற்கு விமர்சனம் எழுதினார். முதல் அங்கம் முழுக்க நடிகர் முனகித் தீர்த்தார், ஹாம்லெட்டுக்கு முனகத் தெரியாதே என்று கண்டித்தார். ஆனாலும் சத்தற்ற நாடகங்களைப் பார்ப்பதைவிடச் சுமாராக நடித்த ஷேக்ஸ்பியர் எவ்வளவோ மேல் என்று வரவேற்றார். கேலரியில் கால்கடுக்கக் காத்திருந்து கிடைத்ததைப் பார்த்து வளர்ந்த பையனின் தீர்ப்பு இது.

அதே ஆண்டில் அவர் எழுதிய ‘பரோன்’ என்ற சிறுகதை, ஹாம்லெட் மேல் கொண்ட காதலை அந்த விமர்சனத்தைவிட ஆழமாகச் சொல்கிறது. கதைநாயகர் வசனம் எடுத்துக் கொடுக்கும் கிழவர். நடிக்கும் ஆசை நெஞ்சு நிறைய இருந்தும் மேடையேறும் துணிச்சல் இல்லாமல் பெட்டிக்குள் ஒடுங்கிப்போனவர். ஒருநாள் ‘ஹாம்லெட்’ நடக்கிறது. மேலே நிற்பவன் வரிகளைக் கொலை செய்கிறான். பொறுக்க முடியாத கிழவர், தான் வாழ்நாளெல்லாம் மனதுக்குள் நடித்துப் பார்த்த ஹாம்லெட்டைப் பெட்டிக்குள்ளிருந்தே உரக்கப் பேசத் தொடங்கிவிடுகிறார். அரங்கம் சிரிக்கிறது, அவருக்கு இருந்த அந்த வேலையும் போகிறது. செகாவுக்கு அப்போது 22 வயது. செவ்வியல் நாடகத்தை அதிகம் நேசிப்பவர் ஒளி விழும் இடத்தில் நிற்க வேண்டியதில்லை என்பதை அந்த வயதிலேயே அவர் கண்டுகொண்டார். அவருடைய பிற்காலப் படைப்புகள் பலவற்றுக்கு விதை இந்தச் சிறு கதையில் இருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

1886இல் வந்த கதையின் தலைப்பே ‘கால்காஸ்’. ஸ்வெத்லவீதவ் என்னும் முதிய நகைச்சுவை நடிகருக்கு அன்று உதவி நாள். வசூலை ஒரு நடிகருக்கே கொடுத்துவிடும் இரவுக்கு அப்படிப் பெயர். அது முடிந்தபின் குடித்துவிட்டு ஒப்பனை அறையில் தூங்கிப்போகிறார். நள்ளிரவில் கண்விழித்தால், கொட்டகை இருண்டு காலியாகக் கிடக்கிறது. உடம்பில் இன்னும் கால்காஸ் பூசாரியின் உடை. இருட்டிலிருந்து ஓர் உருவம் வருகிறது. பேயல்ல, வசனம் எடுத்துக் கொடுக்கும் நிகீதா. போக்கிடம் இல்லாததால் யாருக்கும் தெரியாமல் கொட்டகையிலேயே படுத்துக்கொள்பவர். செகாவ் இதையே ஓரங்க நாடகமாக மாற்றினார். எழுத ஒரு மணி ஐந்து நிமிடம் ஆனதாகக் கடிதத்தில் குறிப்பிட்டார். பின்னால் ‘அன்னப் பாட்டு’ என்று பெயர் மாற்றினார். கோமாளி உடையில் நிற்கும் அந்தக் கிழவர், காலி நாற்காலிகளைப் பார்த்து லியர் மன்னனாகவும் ஹாம்லெட்டாகவும் ஒதெல்லோவாகவும் பேசுகிறார். அவருக்கு எதிர்வசனம் தருபவர் நிகீதா. எத்தனையோ ஆண்டுகள் தாழ்ந்த குரலில் எடுத்துக் கொடுத்த வரிகளை அன்று அவர் வாய்விட்டுச் சொல்கிறார். பதின்மூன்று வயதில் பார்த்த முதல் நாடகத்தின் கோமாளியும், பின்னால் கேலரியிலிருந்து கேட்ட ஷேக்ஸ்பியரும் ஒரே உடம்பில் சேர்ந்த இடம் இது. செகாவ் எழுதியவற்றில் நாடகத்தின்மேல் இத்தனை பரிவோடு எழுதியது வேறில்லை.

மறு ஆண்டே அந்தப் பெட்டியின் தயவில் அவரே நிற்க நேர்ந்தது. மாஸ்கோவின் கோர்ஷ் தியேட்டர் வாரந்தோறும் புதுநாடகம் போட்டுப் பெயர்பெற்றது. 1887 நவம்பரில் அங்கே அவருடைய ‘இவானவ்’ நாடகம் அரங்கேறியது. பத்து ஒத்திகை என்று ஒப்புக்கொண்டது நான்காகச் சுருங்கியது. இருவருக்குத்தான் வசனம் தெரிந்திருந்தது, மற்றவர்கள் எடுத்துக் கொடுப்பவரையும் தங்கள் மனத்துணிவையும் நம்பி நடித்தார்கள் என்று அண்ணன் அலெக்சாந்தருக்கு அவர் எழுதினார். அந்த நாடகத்தின் நாயகன் தன்னை ஒரு ஹாம்லெட்டாக உணர்ந்து வெட்கப்படுபவன்.

செகாவின் ‘கடற்பறவை’ நாடகத்தில் ஷேக்ஸ்பியர் நேராகவே வந்துவிடுகிறார். மகன் த்ரெப்லெவ் எழுதிய நாடகம் தொடங்குமுன், நடிகையான தாய் அர்காதினா ஹாம்லெட்டின் தாய் பேசும் வரிகளைச் சொல்ல, மகன் ஹாம்லெட்டின் வரிகளால் பதிலடி கொடுக்கிறான். செகாவ் அங்கே பயன்படுத்தியது பொலெவோயின் பழைய மொழிபெயர்ப்பு. அப்போது அதற்கு ஏறக்குறைய 60 வயது. பழைய மேடையில் வளர்ந்த அர்காதினாவின் நாக்கில் வேறெது வரும்? 1896 அக்டோபரில் பீட்டர்ஸ்பர்கில் அது அரங்கேறியது, லெவ்கேயெவா என்ற நகைச்சுவை நடிகையின் உதவி நாளில். அவரைப் பார்த்துச் சிரிக்க வந்த கூட்டம் நாடகத்தைப் பார்த்துச் சிரித்தது. கோமாளியின் இரவில் துயரம் பேசிய ஸ்வெத்லவீதவின் நிலை எழுதியவருக்கே வாய்த்தது. இரண்டாண்டுக்குப் பின் மாஸ்கோ கலைத் தியேட்டர் இருபதுக்கு மேற்பட்ட ஒத்திகைகளோடு அதை மேடையேற்றி வென்றது. அர்காதினாவாக நடித்து ஹாம்லெட்டின் தாய் வரிகளைப் பேசிய ஓல்கா க்னிப்பர், 1901இல் செகாவின் மனைவியானார்.

1904 ஜனவரியில் அரங்கேறிய ‘செர்ரித் தோட்டம்’ அவருடைய கடைசி நாடகம். பண்ணையடிமைகளின் வம்சத்தில் பிறந்து பணக்காரனான லொப்பாகின் அதில் ஹாம்லெட்டின் வரியைத் தப்பாகச் சொல்கிறான். ஒஃபீலியாவின் பெயரைக்கூடச் சிதைக்கிறான். படிக்காதவன் என்று அவனைக் கேலிப்பொருளாக்கிய நடிகர்கள் உண்டு. ஆனால் செகாவின் பாட்டனாரும் பண்ணையடிமைதான். 1841இல் பணம் கட்டிக் குடும்பத்தை விடுவித்தவர். லொப்பாகின் எல்லா வகையிலும் கண்ணியமான மனிதன், கூச்சல் போடும் வியாபாரியாக அவனைக் காட்டக் கூடாது என்று செகாவ் கடிதங்களில் வற்புறுத்தினார். அந்த வேடத்தைக் கலைத் தியேட்டரை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்தானிஸ்லாவ்ஸ்கியே ஏற்க வேண்டும் என்றும் விரும்பினார். ஸ்தானிஸ்லாவ்ஸ்கி நிலப்பிரபு காயெவின் வேடத்தை எடுத்துக்கொண்டார். லொப்பாகினாக லியனீதவ் மேடையேறினார்.